தூண்கள் இல்லாத பக்கச் சுவரையும் காட்டுங்கள்

பிலடெல்பியா இன்டிபெண்டன்ஸ் தேசிய வரலாற்றுப் பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். செஸ்ட்நட் தெருவில் உங்கள் பராமரிப்பில் உள்ள அமெரிக்காவின் இரண்டாம் வங்கி என்ற பழைய தேசிய வங்கியின் கட்டடம் இன்று உருவப்பட ஓவியக்கூடமாக விளங்குகிறது. அந்த ஓவியங்களின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றைத் தாங்கும் சுவர்கள் எதற்காக எழுப்பப்பட்டவை என்பதும் பார்வையாளருக்கு அதே அக்கறையோடு சொல்லப்பட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1818இல் வடிவமைப்புப் போட்டியை அறிவித்த வங்கி இயக்குநர்கள், கிரேக்கக் கட்டடக்கலையை மிக எளிய, செலவு குறைந்த வடிவில் பின்பற்றுமாறு கேட்டிருந்தார்கள். கோயிலும் வேண்டும், சிக்கனமும் வேண்டும் என்ற அந்த விருப்பத்தைக் கட்டடக்கலைஞர் வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் நிறைவேற்றிய விதத்தில்தான் கட்டடத்தின் சுவையே இருக்கிறது. ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தினானை முன்மாதிரியாகக் கொண்ட அவர், முன்னும் பின்னும் எட்டெட்டு டோரிக் தூண்களை, அதாவது கிரேக்கப் பாணிகளில் எளிமையான தடித்த தூண்களை, நிறுத்தினார்; ஆனால் மூலக் கோயிலின் நெடும்பக்கங்களில், மூலைத் தூண்களையும் சேர்த்துப் பதினேழு பதினேழாக நிற்கும் தூண்வரிசையை முற்றிலும் விட்டுவிட்டு, அங்கே சன்னல்கள் வைத்த வெறுஞ்சுவரை எழுப்பினார். தெய்வச் சிலைக்கு அரையிருள் போதும். பேரேடு எழுதுபவருக்குப் போதாது. முகப்பின் முக்கோண நெற்றியிலும் சிற்பம் ஏதுமில்லை. என் கண்ணுக்கு இது குறையாகத் தெரியவில்லை. காகிதப் பணத்தை வெளியிட்ட நிறுவனத்துக்கு ஆடம்பரத்தைவிடக் கனமான கல்லே நல்ல பிணை.

சில நிமிட நடைத் தொலைவில், மூன்றாம் தெருவில் 1797இல் கட்டி முடிந்த, இதற்கு முந்தைய தேசிய வங்கியான முதல் வங்கியோ வேறு கணக்குப் போட்டது. தெருவைப் பார்த்த முகப்புக்கு மட்டும் பளிங்கு, மற்றப் பக்கங்களுக்குச் செங்கல். மதிப்பு யார் கண்ணில் பட வேண்டும் என்று யோசித்தே காசைச் செலவிட்டிருக்கிறார்கள்! இவ்விரண்டுக்கும் நடுவே வைத்துப் பேச வேண்டிய கட்டடக்கலைஞர் லட்ரோபின் பென்சில்வேனியா வங்கி, சுருள் தலை கொண்ட கிரேக்க அயோனிக் தூண்முகப்பையும் குவிமாடக் கூடத்தையும் இணைத்த அந்த அரிய படைப்பு, இடிக்கப்பட்டுவிட்டது.

இரண்டாம் வங்கி இயங்க அரசு தந்த சாசனத்தைப் புதுப்பிக்கும் மசோதாவுக்கு 1832இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் மறுப்பாணை பிறப்பித்தார். 1836இல் அந்தச் சாசனம் முடிந்தது. பின்னர் கட்டடம் சுங்க அலுவலகமாயிற்று. இந்த அரசியலைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கல்லின் கணக்கைச் சொல்ல உங்கள் வழிகாட்டிகளால்தான் முடியும்.

ஆகவே, இரு வங்கிகளையும் ஒரே நடையில் காட்டும் வழிகாட்டிச் சுற்று ஒன்றை அமைத்து, முதல் வங்கியின் செங்கல் பக்கத்தில் அதைத் தொடங்கி, ஸ்ட்ரிக்லண்டின் சன்னல் சுவரருகே சிறிது நேரம் நின்ற பிறகே மக்களை முகப்புப் படிகளுக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டடக்கலை ஆர்வலர் ஒருவர்