தொற்காளின் ஊசியும் நூலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆதித் திருச்சபையின் பெண்களைப் பற்றிப் பேசும்போது, யோப்பா துறைமுகப் பட்டணத்தில் வாழ்ந்த தபீத்தாளை, அதாவது தொற்காளை, நாம் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 9ஆம் அதிகாரத்தில் ஏழே வசனங்களில் வந்துபோகும் அவர் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே இல்லை. ஆயினும் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'சீஷி' (பெண் சீடர்) என்னும் பெண்பாற்சொல் அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டுள்ளது.

அவர் நோயுற்று இறந்தபின், உடலைக் குளிப்பாட்டி மேல்வீட்டறையில் கிடத்தியிருந்த வேளையில், லித்தாவிலிருந்து அழைத்து வரப்பட்ட பேதுருவைச் சூழ்ந்துகொண்ட விதவைகள், தொற்காள் தங்களோடு இருந்த நாள்களில் செய்து தந்த அங்கிகளையும் ஆடைகளையும் அழுதபடியே காட்டினார்கள். தாங்கள் உடுத்தியிருந்தவற்றையே காட்டினார்கள் என்று கொள்ளும் உரையாசிரியர்களும் உண்டு. எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. தொற்காள் உயிர்பெற்று எழுந்த அற்புதத்தை விரித்துரைப்பவர்கள், அந்த ஆடைகளின் தையலையும் சற்று உற்று நோக்கலாம்.

சென்ற ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன் நாங்கள் சேகரித்த துணி மூட்டைகளைப் பிரித்தபோது, பொத்தான் அறுந்த சட்டைகளும் சாயம்போன சேலைகளுமே மிகுதியாக இருந்தன. (அவற்றுள் ஒன்றிரண்டு என் வீட்டிலிருந்து சென்றவை.) ஆலயக் கூடத்தின் மூலையில் உறை போட்டு மூடிவைத்த தையல் இயந்திரத்தை இவ்வாண்டாவது திறந்து, பெறுபவரின் அளவைக் கேட்டுத் தைத்துத் தர முன்வருவோரைச் சபைகள் அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை