மூன்று கால் ஆடும் எங்கள் கிறிஸ்துமஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் பிறந்தாலே ஈப்போ பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் மரங்கள் கூரையைத் தொடுகின்றன. 25ஆம் தேதி அங்கே ஹோட்டல் விருந்துக்கு முன்பதிவு செய்யலாமா என்று மகன் கேட்டான். தலைக்கு எத்தனை வெள்ளி என்று நான் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ஆடுகள் எல்லாம் ரப்பர் விதைகள்தாம். அம்மா பால்மரம் சீவிய காலத்தில் பொறுக்கி வந்தவை. பழுப்பில் புள்ளி விழுந்து, தொட்டால் வழவழவென்று இருக்கும். தீக்குச்சியை உடைத்துக் கால் வைத்தவர் அப்பா. ஓர் ஆட்டுக்கு மூன்று கால்தான் மிச்சம். அதை வைக்கோலில் சாய்த்து நிறுத்துவது பேத்தியின் பொறுப்பு. இப்போது ரப்பர் மரங்கள் போய், சுற்றிலும் செம்பனை. புது ஆட்டுக்கு எங்கே போவது?

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தால் தோசையும் கோழிக்கறியும். விடிந்ததும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கு ஒரு டப்பா நிறைய அச்சு முறுக்கு. நோன்புப் பெருநாளுக்கு அவர் ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி கொடுத்தனுப்பிய டப்பா அது. வெறுமையாகத் திருப்பித் தர மனம் வராமல் இத்தனை மாதம் வைத்திருந்தேன்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்