வரி முடிவு எச்சரிக்கையை அணைக்கச் சொல்லாதீர்கள்

நெல்லை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளை ஆய்வகத்தில் பழகும் மாணவர், கோப்பைப் பதிவுக்குச் சேர்க்கும் 'ஆட்' கட்டளை கொடுத்ததும், கோப்பிலுள்ள எல்எஃப் (LF) அடுத்த முறை கிட் அதைத் தொடும்போது சிஆர்எல்எஃப் (CRLF) ஆக மாற்றப்படும் என்ற எச்சரிக்கையைப் பார்க்கிறார். அது பிழைச் செய்தி அன்று. வரி முடிவில் விண்டோஸ், சிஆர் (எண் 13), எல்எஃப் (எண் 10) என்ற இரு குறிகளை இடுகிறது; இந்த இணைதான் சிஆர்எல்எஃப். லினக்ஸ், எல்எஃப் மட்டும் இடுகிறது. ஆட்டோசிஆர்எல்எஃப் என்ற கிட் அமைப்பு 'ட்ரூ' என்றிருக்கும் கணினியில் கிட், களஞ்சியத்தில் (ரெப்போ) எல்எஃப் ஆகச் சேமித்து, வெளியே எடுத்துத் தரும்போது சிஆர்எல்எஃப் ஆக்குகிறது. அதைத்தான் முன்கூட்டியே சொல்கிறது.

நான் பார்த்த சில ஆய்வகக் குறிப்பேடுகளோ, இந்த எச்சரிக்கையைக் கட்டுப்படுத்தும் சேஃப்சிஆர்எல்எஃப் அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இதனால் செய்தி மறையுமே தவிர, மாற்றம் நிற்காது. விண்டோஸில் எடுத்த ஷெல் கோப்பை (லினக்ஸ் கட்டளைகள் அடங்கிய கோப்பு) மாணவர் லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோனால், அதை இயக்கும் 'பாஷ்' நிரலின் பெயருள்ள முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் சிஆர் குறியால், 'பாஷ்^எம்' என்றொரு நிரலே இல்லை என்று சர்வர் மறுத்துவிடும்.

இதைவிட என்னை வருத்துவது குழு ப்ராஜெக்ட்டுகளின் நிலை. நால்வரில் ஒருவரின் கணினியில் மட்டும் ஆட்டோசிஆர்எல்எஃப் அணைக்கப்பட்டு, அவருடைய எடிட்டர் சிஆர்எல்எஃப் எழுதுமானால், அவர் ஒரே ஒரு வரியைத் திருத்திக் கம்மிட் செய்தாலும் (கிட்டில் பதிந்தாலும்) கோப்பு முழுவதும் நீக்கிச் சேர்த்ததுபோல் சிவப்பும் பச்சையுமாக மாறித் தெரியும். எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் 'பிளேம்' கட்டளை எல்லா வரிகளையும் அவர் பெயரிலேயே காட்டும். கம்மிட் வரலாற்றைப் பார்த்து மதிப்பெண் இடும் ஆசிரியருக்கு, உண்மையில் எழுதிய பிள்ளையின் உழைப்பு தெரியாமலே போய்விடும்.

தீர்வை அவரவர் கணினி அமைப்பில் தேட வேண்டாம். மாணவர்களுக்குக் கொடுக்கும் மாதிரி ரெப்போவிலேயே, எந்தக் கோப்பை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பை வைத்து, பொது விதியாக 'டெக்ஸ்ட்=ஆட்டோ', ஷெல் கோப்புகளுக்கு 'இஓஎல்=எல்எஃப்' (இஓஎல் என்றால் வரி முடிவு), விண்டோஸ் பேட்ச் (.bat) கோப்புகளுக்கு 'இஓஎல்=சிஆர்எல்எஃப்', படங்களுக்கு 'பைனரி' என்று எழுதிவிடுங்கள். இக்கோப்பு ரெப்போவோடு பயணிப்பதால், கங்கைகொண்டானில் வேலைக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் அதே விதிதான் செல்லும். நடந்துகொண்டிருக்கும் ப்ராஜெக்ட்டுகளில், வரி முடிவுகளை இவ்விதிப்படி சீராக்கும், 2018இல் வந்த கிட் 2.16 முதல் இருக்கும் 'ஆட் --ரீநார்மலைஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டி, வேறெந்தத் திருத்தத்தையும் கலக்காமல் தனிக் கம்மிட்டாகப் போடச் சொல்லுங்கள்.

அடுத்த செமஸ்டரில் குழுக்கள் பிரிக்கப்படும் முன்பே மாதிரி ரெப்போ தயாராக இருக்க வேண்டும் என்றும், குறிப்பேட்டிலுள்ள அந்த ஒரு வரியை நீக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை மென்பொருள் பணியாளர் ஒருவர்