பழைய லென்ஸும் நிறப் பிசகும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிஜிட்டல் கேமராவில் பொருத்திய பழைய லென்ஸ் படங்களை மஞ்சளாக்குகிறது என்பதற்காகவே அதை ஒதுக்கிவிடுவோர் பலர். அது வீண் இழப்பு என்பதால் எழுதுகிறேன்.

சூப்பர் தகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் பிற்கால வடிவம் போன்ற சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருப்பதால், அதன் கதிரியக்கமே நாளடைவில் கண்ணாடியை மஞ்சளிக்கச் செய்கிறது. என்னிடமுள்ள லென்ஸை வெள்ளைத் தாளின்மேல் வைத்தபோது, அந்த வட்டத்துக்குள் மட்டும் தாள் நாள்பட்ட ஓலைபோல் தெரிந்தது. புற ஊதா விளக்கின்கீழ் சில வாரங்கள் வைத்தபின் பெருமளவு தெளிந்தது. எஞ்சிய சாயலுக்கு, படமெடுக்கப்போகும் அதே வெளிச்சத்தில் சாம்பல் நிற அட்டையை ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, அதைக்கொண்டு ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலையை) அமைத்தால் போதும். தானியங்கி அமைப்பு படத்துக்குப் படம் மாறும். அதை நம்ப வேண்டாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான (லென்ஸ் வழியே அல்லாமல் தனிச் சாளரம் வழியே பார்த்துக் குவியம் அமைப்பவை) அகலக்கோண லென்ஸ்கள் சிலவற்றில் ஓரங்களில் மட்டும் படியும் மெஜந்தா (சிவப்பும் ஊதாவும் கலந்த) சாயல் இதனின்று வேறானது. ஒளியானது, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் ஓரத்தில் மிகச் சாய்வாக விழுவதால் வரும் அந்தச் சாயலை ஒயிட் பேலன்ஸால் நீக்க முயன்றால், ஓரம் சரியாகும்போது நடுப்பகுதி பச்சையாகிவிடும். லென்ஸின்முன் பால்நிற அக்ரிலிக் தகட்டை வைத்து, படமெடுக்கும் அதே அபெர்ச்சரில் (லென்ஸின் துளை அளவில்) ஒரு மாதிரிப் படம் எடுத்து, மென்பொருளின் ஃபிளாட் ஃபீல்டு திருத்தத்துக்கு (மாதிரிப் படத்தைக்கொண்டு ஓரச் சாயலை நீக்கும் வசதிக்கு) அதைக் கொடுப்பதே சரியான வழி. அபெர்ச்சரை மாற்றினால் மாதிரிப் படத்தையும் புதிதாக எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்