தம்பிக்கு, மஸ்கெலியாவிலிருந்து அம்மா

அன்புள்ள தம்பி,

நான் அனுப்பிய படங்கள் உனக்கு வந்துவிட்டன என்று தெரியும், புளூ டிக் விழுந்திருக்கிறது. பதில் போட நேரமில்லாமல் இருக்கும், சரி. வேலை கூடிவிட்டது என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். என்னிடம் பேசினால் நல்லா இருக்கேன் அம்மா, சாப்பிட்டேன் அம்மா என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறுதலாகப் படி.

இங்கே ஆவணி பிறந்தும் மழை விடவில்லை. பீலிக்கரைக்கு மேலே அந்தப் பெரிய சவுக்கு மரத்தடியில் நின்று எடுத்த படத்தை முதலில் பார். ஒரே இடத்தில் நின்று வருஷம் முழுக்க எடுங்க அம்மா என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய், அப்படியேதான் எடுத்துக்கொண்டு வருகிறேன். பெரிய மழைக்கு முந்தி சவுக்குக் கிளைகளை வெட்டிவிட்டார்கள், அதனால் வானம் கூடுதலாகத் தெரிகிறது. பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியாகிவிட்டது. வெட்டின புதிதில் வெறும் குச்சியாக நின்றது, எடுக்க என்ன இருக்கிறது என்று திரும்பிவிட்டேன். இப்போது போய்ப் பார்த்தால் ஒவ்வொரு குச்சியிலும் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கிறது, மழைத்துளியோடு. கிட்டப் போய் எடுத்தேன். இத்தனை வருஷம் அந்த மலையில் கொழுந்து எடுத்தவள் நான், கொழுந்தின் நிறம் எனக்குத் தெரியாததா? ஆனால் அப்போது கையும் கண்ணும் கொழுந்திலேயே இருக்கும், கிலோ குறைந்துவிடுமோ என்றுதான் நினைப்பு. நின்று பார்க்க யார் விட்டார்கள்? இப்போது குடையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பிடித்த நேரம் வரை நிற்கிறேன். அதில் எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத்தான் எழுத முடியும், இங்கே சொன்னால் மழையில் நனைந்து சளி பிடிக்கப்போகிறது என்கிறார்கள்.

மூடுபனிப் படம் சாம்பல் அடித்த மாதிரி வருகிறது என்று கேட்டேனே, கேமராவுக்கு வெள்ளை தெரியாது, எல்லாவற்றையும் நடுத்தரமாக்கப் பார்க்கும், திரையைத் தொட்டால் வருகிற அந்தச் சூரியன் அடையாளத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துவிடுங்க என்றாய். இழுத்தேன். இப்போது பனி பனியாகவே வருகிறது. இரண்டாவது படம் அதுதான். அதைப் பற்றியாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

ஆடியில் பண்டாரவளைக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்தேன். ஹட்டனில் ஏறும்போது ரயில் ஜன்னலைத் திறக்க முடியாத மழை. பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்தால் ஒஹியா பக்கம் வெயில், காய்ந்த காற்று. நம் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டும் காற்று அங்கே வெறுங்காற்றாகத்தான் போகிறது. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறும், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் அவர்களுக்கு நல்ல காலம். நம் பக்கத்துத் தூளுக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரே நாளில் இரண்டு பருவத்தையும் எடுத்தேன், ஒரு படம்கூட அசையாமல் வந்திருக்கிறது. பெரியம்மா உன்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன்.

தம்பி, தோஹாவில் என்ன பருவம் இருக்கிறது, மணலும் வெயிலும்தான் என்று ஒரு தடவை எழுதினாய். அப்படிச் சொல்லாதே. தகீரா கண்டல் காட்டில் குளிர்காலத்தில் பூநாரை வந்து நிற்பதை எடுத்து அனுப்பியது யார்? ஆழம் குறைந்த தண்ணீரில் ஒற்றைக்காலில் நின்றனவே. அந்தப் பறவைகளுக்கு அங்கே பருவம் தெரிந்திருக்கிறது. இங்கே ஐப்பசி பிறந்தால் ஆறுமணிக்குருவி வந்துவிடும், பொழுது சாயும்போது சத்தம் கேட்கும். நீ சின்னப் பிள்ளையில் அதைத் தேடிக்கொண்டு ஓடுவாய். வெளியே போ தம்பி. வெள்ளிக்கிழமை அறையிலேயே படுத்துக் கிடக்காதே.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு படம் வரும். பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அலுமாரியில் துணி மடித்து வைக்கும்போது உன் கேமரா சார்ஜர் இருந்தது. நீ கேட்கவேயில்லை. அங்கே வேறு வாங்கியிருப்பாய், வாங்கியிருந்தால் சரி. ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனதும் லென்ஸ் வியர்த்துவிடும் என்று சொல்வாயே, பையோடு கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திற. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கேமராவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, பத்திரமாக வைத்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். போன மாசம் பணம் கூடுதலாக வந்தது, எதற்கு? தங்கச்சி படிப்புக்கு இருக்கிறது, கூரைக்கு இப்போது அவசரமில்லை. உன் சாப்பாட்டைக் குறைத்து எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். உனக்குப் பிரியமான சாமான் எதையும் எங்களுக்காக விட்டுவிடவும் வேண்டாம்.

நீ எடுத்த சிவனொளிபாதமலைப் படத்தை இன்னும் பள்ளிக்கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரைக்கும் விளக்கு வரிசையாக ஏறுமே, அதுதான். மூன்று மணிக் குளிரில் மதில்மேல் கேமராவை வைத்து, முப்பது செக்கன் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று எங்களை மிரட்டி எடுத்தாய். புதிதாக வந்த டீச்சர் யார் எடுத்தது என்று கேட்டாராம். என் மகன் என்று நானே போய்ச் சொன்னேன். டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் மலையேறுகிற சீசன் தொடங்கிவிடும், வெசாக் பௌர்ணமி வரைக்கும் விளக்கு எரியும், இந்த வருஷம் நானும் எடுத்துப் பார்க்கப் போகிறேன். அப்புறம் பங்குனி, சித்திரை. வெயில் அடித்து மவுசாகலைத் தண்ணீர் நன்றாக இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். 1969ல் அணை கட்டி முடித்து பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனதை அம்மாச்சி சொல்லி அழுவதைக் கேட்டு வளர்ந்தவன் நீ. அந்தப் படத்தை மட்டும் நீ வந்து எடுக்க வேண்டும், எனக்கு அவ்வளவு சேற்றில் இறங்க முடியாது. லீவு கேட்டுப் பார்.

மாமா கொழும்பில் இருந்தபோது எல்லாவற்றையும் தனியாகவே வைத்துக்கொண்டு இருந்தார். உனக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. நீ அப்படி இருக்காதே. வெளியே போ, நாலு பேரோடு பேசு, நேரத்துக்குச் சாப்பிடு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, குளவிக் கூடு இருக்கிற மரத்துப் பக்கம் நான் போவதில்லை, அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

கீழ் லயத்து வீட்டு அண்ணன் லீவு முடிந்து அடுத்த மாசம் தோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் தேயிலைத்தூளும் கொஞ்சம் இடித்த மிளகாய்த்தூளும் சார்ஜரும் கொடுத்துவிடுகிறேன். சார்ஜர் வேண்டாம் என்று சொல்லாதே, வாங்கி வைத்துக்கொள், என்றைக்காவது தேவைப்படும். இந்த வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முந்தி வெளியே போய், போனிலேயே ஒரு படம் எடுத்து அனுப்பு. எதை எடுத்தாலும் சரி. உன் முகமும் அதில் இருக்க வேண்டும்.

அம்மா