பீக்கன் பெண்கள் படத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் ஆவணப்படம் முடிந்துவிட்டது. ஒலிக்கலவை, கலர், சப்டைட்டில் எல்லாம் முடிந்து கடைசிப் பிரதி கையில் இருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 1938-இல் பீக்கன் கொட்டை உடைக்கும் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம்தான் கதை. இயக்குநர் அந்தத் தொழிலாளிகளில் ஒருவரின் பேத்தி. நான் படத்தொகுப்பாளர், போகப்போக இணைத் தயாரிப்பாளர் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அவர் நன்றி எழுதிவிட்டார். தமிழில் எழுதுவதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உதவியவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அமெரிக்காவில் ஆவணப்படம் எடுக்க நினைக்கும் நம் பிள்ளைகள் சிலர், "இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது இன்னொன்று. யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமோ அவர்களைச் சொன்னாலே அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் அந்தப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம். 1930களில் அமெரிக்காவின் பீக்கன் தொழிலுக்குத் தலைநகரம் போல இருந்தது சான் அன்டோனியோ. நகரின் மேற்குப் பகுதியில், காற்றே நுழையாத கொட்டகைகளில், ஆயிரக்கணக்கான மெக்சிக அமெரிக்கர்கள் கையால் ஓடு நீக்கிப் பருப்பெடுத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். வாரம் முழுக்க உழைத்தாலும் 2, 3 டாலர்தான் கிடைக்கும். பீக்கன் தூசி நெஞ்சில் இறங்கியது. காசநோய் அந்தத் தெருக்களைவிட்டுப் போகவே இல்லை. அந்தக் கூலியிலும் பவுண்டுக்கு ஒரு சென்ட் குறைத்தபோது, 1938 ஜனவரி 31 அன்று ஏறக்குறைய 12,000 பேர் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். முன்னால் நின்ற எம்மா டெனயூகாவுக்கு அப்போது வயது 21. கண்ணீர்ப்புகை வீசினார்கள், நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தார்கள். 37 நாள் கழித்து இரு தரப்பும் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டன. அதே ஆண்டு வந்த சட்டம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 25 சென்ட் ஆக்கியது. அதனால் முதலாளிகள் கொட்டை உடைக்க இயந்திரம் கொண்டுவந்தார்கள். அடுத்த சில வருடங்களில் அந்தப் பெண்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலையே இல்லாமல் போனது. வெற்றியோடு நிறுத்தாமல் இந்த முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் எங்கள் இயக்குநர் பிடிவாதமாக இருந்தார்.

ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் கதையைக் கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் பார்ப்பார்கள்?" என்றார்கள். 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள், 6.2 கோடி. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அப்படியும் இந்தக் கேள்வி வருகிறது. இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களுக்குத்தான் இந்த மடல்.

ஆஸ்டின் ஃபிலிம் சொசைட்டிக்கு முதல் நன்றி. இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 1985-இல் தொடங்கிய சங்கம் அது. 1996 முதல் டெக்சாஸில் வசிக்கும் சுயாதீனப் படைப்பாளிகளுக்கு நிதி கொடுத்து வருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் முதல் பணத்துக்கு ஒரு குணம் உண்டு: ஒருவர் கொடுத்துவிட்டால் அடுத்தவர் விண்ணப்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பார். வயதான சாட்சிகளை உடனே படம்பிடிக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பணம் வந்தது. 1938-இல் சிறுமிகளாக இருந்தவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க முடியுமா?

அப்புறம், விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்த அந்த மூத்த தயாரிப்பாளருக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லத்தீனோ படைப்பாளிகளுக்கான ஒரு பயிற்சிப் பட்டறையில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர். படம் எப்படி இருக்கும் என்று விவரிக்கும் டிரீட்மென்டைப் பிறகு பார்க்கிறேன் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, பட்ஜெட்டைத்தான் முதலில் கையில் எடுத்தார். "இயக்குநர் சம்பளம்" என்ற வரிக்கு நேராக 0 என்று இருந்தது. முதல் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் போடுவார்கள், செலவு குறைவாகத் தெரியட்டும் என்று. அவர் அந்தச் சைபரைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு தொகையை எழுதி, "கூலி கேட்டுப் போராடிய பெண்களைப் பற்றிய படத்தில் கூலியில்லாமல் யாரும் வேலை செய்யக் கூடாது" என்றார். இயக்குநர் அன்றைக்கு அழுதுவிட்டார். அந்த ஒரு வரியால் எங்கள் மொத்த பட்ஜெட்டும் மாறியது. ஒலிப்பதிவாளர், ஸ்பானிஷ் உரையாடலைப் படியெடுத்த மாணவி, கார் ஓட்டிய தம்பி என்று எல்லோருக்கும் ஒரு தொகை எழுதினோம், கொடுத்தோம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் படம் எடுக்கலாம். பீக்கன் உடைத்தவரின் பேத்தியால் முடியாது. யார் கதை திரைக்கு வருகிறது என்பதை முடிவு செய்வதில் இதற்கும் பெரிய பங்கு இருக்கிறது.

பணம் பெற ஒரு அமைப்பு வேண்டும் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் அறக்கட்டளைகள் பெரும்பாலும் தனி ஆளுக்கு நேராகப் பணம் தருவதில்லை, வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனத்துக்குத்தான் தரும். அதனால் அப்படி ஒரு நிறுவனத்தின் குடையின் கீழ் படத்தைச் சேர்க்க வேண்டும். இதை ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப் என்கிறார்கள். நன்கொடை அவர்கள் கணக்குக்கு வரும். கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டு, பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தருவார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1982 முதல் இயங்கும் இன்டர்நேஷனல் டாக்குமென்டரி அசோசியேஷன், நியூயார்க்கின் விமன் மேக் மூவிஸ் இரண்டும் இதை நெடுங்காலமாகச் செய்கின்றன. எங்களுக்குக் குடை பிடித்த நிறுவனத்தின் கணக்காளர் அம்மாவுக்கு என் வணக்கம். சின்னச் சின்ன ரசீதுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார்.

சான் அன்டோனியோ தமிழ் நண்பர்களின் பணமும் அந்த வழியில்தான் வந்தது. வீட்டுக்கு வீடு பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட்டு, உண்டியல் வைத்து, சேர்ந்ததை ஒரே காசோலையாக அனுப்பினீர்கள். "நம்ம ஊர்க் கதை இல்லையே" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வாழ்வது சான் அன்டோனியோவில் என்றால் இதுதானே நம் ஊர்க் கதை. அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் நன்றி. இரவுநேர எடிட்டுக்கு டப்பாவில் புளியோதரை கொடுத்தனுப்பிய அக்காவின் பெயரும் படத்தின் முடிவில் இருக்கிறது, பாருங்கள்.

பழைய படங்கள் இல்லாமல் இந்தப் படமே இல்லை. சான் அன்டோனியோ லைட் என்ற நாளிதழின் புகைப்படத் தொகுப்பு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சான் அன்டோனியோ வளாக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவே டெனயூகா முஷ்டியை உயர்த்தி நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டகைப் படங்களில் பெண்களின் விரல் நுனியில் சுற்றியிருக்கும் துணிகூடத் தெரிகிறது. கேட்டபோதெல்லாம் பெட்டி பெட்டியாக எடுத்துக் கொடுத்த நூலக ஊழியர்களுக்கு நன்றி.

ஆனால் செய்திப்பட ஃபுட்டேஜ் வேறு விஷயம். விநாடிக் கணக்கில் காசு கேட்பார்கள். இங்கே ஒரு பழைய நன்றிக்கடன் இருக்கிறது. பிறர் காட்சியை எந்த அளவுக்கு அனுமதியில்லாமல் நியாயமாகப் பயன்படுத்தலாம் என்று ஆவணப்படக்காரர்களையே கூட்டிப் பேசி, 2005-இல் ஒரு வழிகாட்டி நெறியை வெளியிட்டார்கள் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா ஆஃப்டர்ஹைடும் பீட்டர் யாசியும். அதற்கு முன்பு ஃபேர் யூஸ், அதாவது இப்படி நியாயமாகப் பயன்படுத்துவது, என்று சொன்னால் காப்பீட்டு நிறுவனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உரிமை வழக்கு வந்தால் கைகொடுக்கும் அந்தக் காப்பீடு இல்லாமல் தொலைக்காட்சியில் போடவே முடியாது. அந்த நெறி வந்த சில வருடங்களுக்குள் காப்பீட்டு நிறுவனங்கள் இறங்கி வந்தன. எங்கள் வழக்கறிஞர் ஷாட் ஷாட்டாக எங்களோடு உட்கார்ந்து பார்த்ததும் அந்த நெறியை வைத்துக்கொண்டுதான்.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் இந்த நிதிகள் எதுவும் தானாக வரவில்லை. பொதுத் தொலைக்காட்சிக்கான அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க 1967-இன் சட்டம் பொது ஒளிபரப்புக் கழகத்தை (சிபிபி) உருவாக்கியது. அந்தப் பணம் சுயாதீனப் படைப்பாளிகளுக்கு வந்து சேரவில்லை என்று அவர்கள் வருடக்கணக்கில் வாஷிங்டனில் வாதாடினார்கள். அதன் பலனாகத்தான் 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வழிசெய்து, சுயாதீனப் படங்களுக்குப் பணம் போடும் ஐடிவிஎஸ் என்ற அமைப்பு பிறந்தது. அது பணம் போட்டாலும் காப்புரிமை படைப்பாளியிடமே இருக்கும், படம் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவும் அவர் கையில்தான். லத்தீனோக்களுக்கென்று 1998-இல் நடிகர் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸும் மார்லீன் டெர்மரும் லத்தீனோ பப்ளிக் பிராட்காஸ்டிங்கைத் தொடங்கினார்கள். ஆய்வுக்கு, படப்பிடிப்புக்கு, எடிட்டிங்குக்கு என்று தனித்தனிக் கட்டத்தில் பணம் கேட்க அங்கே வழி இருந்தது. அடுத்த வருடமே லத்தீனோ சுயாதீனத் தயாரிப்பாளர்களின் தேசியச் சங்கமான நாலிப் வந்தது. படைப்பாளிகள் தங்கள் படத்தோடு வந்து மூத்தவர்களிடம் பாடம் கேட்கும் அகாடமியை அது நடத்தியது.

2007-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் தயாராக வைத்திருந்த இரண்டாம் உலகப்போர்த் தொடரில் லத்தீனோ படைவீரர்கள் ஒருவர்கூட இல்லை. ஆஸ்டினில் லத்தீனோ முன்னாள் வீரர்களின் நேர்காணல்களை 1999 முதல் சேகரித்து வந்த பேராசிரியர் மேகி ரிவாஸ் ரோட்ரிகஸும் அவருடன் சேர்ந்தவர்களும் விடாமல் குரல் எழுப்பினார்கள். கடைசியில் புதுக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. அவர் சேர்த்துவைத்த நேர்காணல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் வயதானவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது, எங்கே வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது என்று எங்கள் குழு கற்றது.

ரஃப் கட்டை, அதாவது இன்னும் செம்மைப்படுத்தாத தொகுப்பை, பார்த்துக் கருத்துச் சொன்ன சக படைப்பாளிகளுக்குத் தனி நன்றி. தொகுப்பாளரான எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய பாடம் அதுதான். ஃபயர்லைட் மீடியாவின் டாக்குமென்டரி லேப், சண்டான்ஸின் எடிட் லேப் போன்ற இடங்கள் இந்த முறையைப் பழக்கமாகவே ஆக்கியிருக்கின்றன: பார்ப்பவர் யோசனை சொல்வதற்கு முன்னால் தனக்கு எது புரிந்தது, எங்கே கவனம் சிதறியது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் திரையிடலுக்கு மேற்குப் பகுதி தேவாலய மண்டபத்தில் அந்தக் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தோம். தொண்ணூறைத் தொடும் ஒரு பாட்டி, தாயுடன் கொட்டகைக்குப் போனவர், நடுவில் கையைத் தூக்கினார். நாங்கள் பின்னணியில் போட்டிருந்த கொட்டை உடைபடும் சத்தம் தப்பு என்றார். கொட்டகையில் இருமல் சத்தம்தான் எப்போதும் கேட்கும் என்று சொன்னார். அந்தக் காட்சியின் ஒலியை முழுவதும் மாற்றினோம். படத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

2025 ஜூலையில் காங்கிரஸ் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 1 அன்று பொது ஒளிபரப்புக் கழகம் தன் வேலைகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அதற்கு முன்பே ஏப்ரலில், தேசிய மனிதவியல் நிதியம் (என்இஎச்) என்ற அரசு அமைப்பு கொடுத்திருந்த மானியங்கள் ஏராளமாக ரத்தாயின. பாதியில் நின்ற படங்கள் அதில் உண்டு. ஐடிவிஎஸ், லத்தீனோ பப்ளிக் பிராட்காஸ்டிங் போன்றவை பெரிதும் நம்பியிருந்தது அந்தக் கழகத்தின் பணத்தைத்தான். மனம் கனக்கத்தான் செய்கிறது. வேலைக்கே ஆபத்து என்ற நிலையிலும் எங்கள் மின்னஞ்சல்களுக்குப் பதில் போட்டு, வேறு எந்த வாசலைத் தட்டலாம் என்று சொல்லிக்கொடுத்தவர்களை எப்படி மறப்பது? நிதி குறைந்தபோதும் பயிற்சி வகுப்பை நிறுத்தாமல் இணையத்தில் நடத்தியவர்கள் உண்டு. தங்கள் பங்குச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து இளையவர்களுக்கு வழிகாட்டிகளாக இருந்தவர்களும் உண்டு. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒன்று. சான் பிரான்சிஸ்கோவில் 1980 முதல் இயங்கும் ஆசிய அமெரிக்க ஊடக மையம், சுருக்கமாக காம், லத்தீனோ அமைப்புக்குச் சகோதர அமைப்பு. கறுப்பினத்தவர், பூர்வகுடியினர், பசிபிக் தீவினர் என்று மற்ற மூன்றும் சேர்ந்து ஐந்து அமைப்புகள் ஒரே கூட்டணியாக நிற்கின்றன. அமெரிக்கத் தமிழர் கதையோடு நீங்கள் போக வேண்டிய வாசல் காம்தான். இப்போது அங்கும் பணம் இறுக்கம், அதனால் மாநில அளவிலான சின்ன நிதிகளையும் விடாதீர்கள். விண்ணப்பத்தோடு பார்க்கும்படியான பத்து நிமிட மாதிரிக் காட்சி இருக்கட்டும். எழுத்தைவிட அதைத்தான் கவனித்துப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, அல்லது முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டியவர்கள்: வீட்டுக் கதவைத் திறந்த குடும்பங்கள். சமையலறை மேசையில் விளக்கு வைக்க விட்டீர்கள், தாயின் கல்யாணப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்தீர்கள், சொல்லத் தயங்கியதையும் சொன்னீர்கள். நேர்காணல்களின் முழுப் பதிவும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக வந்து சேரும். பிரதி எடுக்கும் வேலை நடக்கிறது.

விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். பட்ஜெட்டையும் சேர்த்து அனுப்புங்கள், முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

நன்றியுடன்,
படத்தொகுப்பாளர்,
சான் அன்டோனியோ