கால்வனாமீட்டர் சுப்பையாவுக்கு

அன்புள்ள சுப்பையா,

போன வாரம் நீ போன் பண்ணியபோது "வெறும் வாயுதான்" என்று சமாளித்தேன். மகள் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுக்க வைத்துவிட்டாள். பயப்படாதே, எல்லாம் நார்மல். நெஞ்சில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, மணிக்கட்டில் கிளிப் மாட்டி, "அசையாதீங்க, பேசாதீங்க" என்றது அந்த நர்ஸ் பெண். பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வைத்தியம் என்று நீ சிரிப்பாய்.

கட்டம் போட்ட தாளைப் பார்த்து மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, அலைக்கெல்லாம் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பேர். ஏபிசி என்ன பாவம் செய்தது?" முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தியவனுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து படித்தேன்.

அந்த எழுத்துகளை வைத்தவர் ஹாலந்தின் லைடன் ஊர்ப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். அவருக்கு முன்பு 1887-இலேயே லண்டனில் அகஸ்டஸ் வாலர் பாதரசக் கருவியை வைத்து மனித இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்துவிட்டார். ஆனால் பாதரசம் மந்தம், கோடு தெளிவாக விழாது. அதில் வந்த கோட்டுக்கு ஐந்தோவன் ஏபிசிடி என்று பேர் வைத்தார். கணக்குப் போட்டுத் திருத்திய கோட்டுக்கு வேறு எழுத்து வேண்டுமே, அதனால் பி-யிலிருந்து தொடங்கினார். அவ்வளவுதான் ரகசியம்.

வாலரின் நாய் ஜிம்மியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கால்களை உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு சமர்த்தாக நிற்குமாம் அந்த புல்டாக். இது கொடுமை என்று 1909-இல் பிரிட்டிஷ் பார்லிமென்டிலேயே கேள்வி எழுந்தது. உள்துறை அமைச்சர் அசரவில்லை. அது வெறும் உப்புத் தண்ணீர், கடலில் கால் நனைத்தவருக்கு அந்தச் சுகம் தெரியும் என்கிற மாதிரி பதில் சொல்லி உட்கார்ந்தாராம்.

இனிமேல் வருவது உன் சரக்கு. கணக்குப் போட்டுத் திருத்துவதில் சலித்துப்போன ஐந்தோவன், புதிதாக ஒரு கால்வனாமீட்டரே, அதாவது சின்ன மின்சாரத்தையும் காட்டிக்கொடுக்கும் கருவியே, செய்தார். வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை ஒன்று, பலமான மின்காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவில். முடியைவிட மெல்லிசு. உருகிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து இழுக்கிற வித்தையில் செய்த இழை அது. இதயத்தின் மின்சாரம் ஓடும்போது இழை அசையும், அதன் நிழல் போட்டோத் தகட்டில் விழும். மொத்தக் கருவி சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து ஆள். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கருவியை நகர்த்த முடியாது என்பதால், 1905-இல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் கம்பி வழியாகவே நோயாளியின் துடிப்பை வரவழைத்தார் மனுஷன்! 1924-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வாலர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துபோய்விட்டார்.

பரிசுக்குப் பிறகு நடந்ததாக ஒரு கதை சொல்கிறார்கள். கருவி செய்யக் கூட இருந்து உழைத்த உதவியாளரைத் தேடிப் போனாராம் ஐந்தோவன். அவர் செத்துப்போயிருந்தார். தங்கைகள் இருவர் வறுமையில் இருந்ததை விசாரித்து, பரிசுப் பணத்தில் பாதியை அவர்களிடம் கொடுத்தாராம். ஐந்தோவனுக்கு முந்தின வருஷம் இன்சுலினுக்காக நோபல் வாங்கிய பான்டிங்கும் தன் பங்கில் பாதியை, கூட உழைத்த பெஸ்ட்டுக்குக் கொடுத்தார், பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்ற கோபத்தோடு.

படித்ததும் நம்ம காலேஜ் இன்ஸ்பெக்‌ஷன் ஞாபகம் வந்தது. பத்து கால்வனாமீட்டரும் வேலை செய்கிறதே என்று கமிட்டிக்காரர் என் கையைக் குலுக்கினார். முந்தின ராத்திரி முழுக்க ட்வீசரும் சால்டரிங் அயனுமாக உட்கார்ந்து உள்ளே சுருளைத் தொங்கவிடும் அந்தப் பாஸ்பர் வெண்கலப் பட்டைகளை மாட்டியது நீ. நான் வாயே திறக்கவில்லை. நீயும் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், கேட்க வேண்டியதைக் கேள்.

ஒன்று சொல்ல மறந்தேன். நீயும் ஒரு ஈசிஜி எடுத்துவிடு. அந்தத் தாளில் கோடு நாளாக நாளாக மங்கிவிடுகிறது, உடனே ஜெராக்ஸ் எடுத்து வை.

அன்புடன்,
உன் ராமு